தலைக்கு மேல் 28 டன்

சித்திரை மாதத்து ராத்திரி, பத்து மணி. ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, உட்கூரையில் உள்ளங்கையை வைத்தேன். வெயில் இறங்கி மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் நின்றால் காற்று கொஞ்சம் ஆறிவிட்டது தெரியும். ஆனால் கைக்குக் கீழே இருந்த சிமென்ட் பூச்சு காய்ச்சல்காரன் நெற்றியைப் போல் கொதித்துக்கொண்டிருந்தது. மதுரையில் மாடி வீட்டின் மேல்தளத்தில் குடியிருக்கும் யாருக்கும் இது புதிதில்லை. கட்டிலில் படுத்தால் சூடு கீழே இறங்குவது முகத்தில் தெரியும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் வாரி நம் மேல் கொட்டுகிறது.

மின்சாரச் சிக்கனம் என்றதும் நாம் ஸ்விட்சைத்தான் நினைக்கிறோம். ஆளில்லாத அறையில் விளக்கை அணை, டிவியை அணை என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் 60 வாட் குண்டு பல்பு எரிந்த இடத்தில் இன்று 9 வாட் எல்இடி எரிகிறது. 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் எல்இடி பல்புகள் கைக்கு வந்தன. விளக்கில் மிச்சம் பிடிக்க இனிப் பெரிதாக ஒன்றும் பாக்கியில்லை. நம் ஊர் வீடுகளில் கோடைக்கால மின்சாரம் போவதெல்லாம் வெக்கையோடு மல்லுக்கட்டத்தான். அந்தச் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஸ்விட்சிலிருந்து அல்ல, கூரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி வீடு. 5 அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ எடை. அப்படியானால் நம் தலைக்கு மேல் இருப்பது சுமார் 28 டன். ஒரு கிலோ கான்கிரீட் ஒரு டிகிரி சூடேற 880 ஜூல் வெப்பம் வேண்டும். முழுத் தளமும் ஒரு டிகிரி ஏறுவதற்குள் ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் குடித்துவிடும். விடியற்காலைக்கும் சாயங்காலத்துக்கும் இடையில் அது சராசரியாக 10 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 70 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு நமக்கு இலவசமாகத் தருவது 100 யூனிட். அதில் முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட ஈடான வெப்பம் ஒரே பகலில் கூரைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே கீழே விடுவதில்லை. மதியம் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும்போதுகூட உட்கூரை அவ்வளவு சுடாது. வெப்பம் 5 அங்குலத்தைக் கடந்து வரச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நாம் வேலை முடிந்து, பள்ளி முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்தில் அதுவும் வந்து சேர்கிறது. பிறகு இரவு முழுக்கப் பாதி வானத்துக்கும் பாதி நமக்குமாகப் பகிர்ந்துகொடுக்கிறது. நம் தோலின் வெப்பநிலை 34 டிகிரி அளவில் இருக்கும். அதைவிடச் சூடான கூரையின் கீழே படுத்தால், காற்றே படாவிட்டாலும் அகச்சிவப்புக் கதிராக வெப்பம் நேரே உடம்பில் இறங்கும்.

ஃபேன் இதில் எவ்வளவு உதவும்? ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. வேர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு இந்த ஒரு வழி மிகப் பெரிய வழி. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் அந்த அறையைக் குளிர்விப்பதே இல்லை; மோட்டார் சூட்டையும் சேர்த்து விடுகிறது. கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்து கிடப்பதால் வேர்வை உலர மறுக்கிறது. அப்போதுதான் வீட்டில் ஏசிப் பேச்சு வருகிறது.

ஏசிக் கடையில் ‘ஒரு டன்னா, ஒன்றரை டன்னா’ என்று கேட்பார்கள். அந்த டன் இயந்திரத்தின் எடை அல்ல, பனிக்கட்டியின் எடை. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு வெப்பத்தை ஒரு டன் ஏசி ஒரு நாளில் வெளியேற்றும். மணிக்கு மூன்றரை யூனிட் வெப்பம். இந்த அளவுகோல் பிறந்த காலத்து ஐஸுக்குச் சென்னையில் இன்றும் ஒரு சாட்சி நிற்கிறது. மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம், 1842-ல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்ட கட்டடம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டிய பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி இங்கே விற்றார். நம் கூரை ஒரு பகலில் குடிக்கும் அந்த 70 யூனிட் வெப்பத்தை ஐஸ் கொண்டு தணிக்க வேண்டுமென்றால், முக்கால் டன் ஐஸை மாடியில் கொட்ட வேண்டியிருக்கும். ஒரு டன் ஏசி அதே வேலையை முடிக்க 20 மணி நேரம் ஓட வேண்டும்.

இந்த ஏசி ஓடும் நேரத்தைக் கவனியுங்கள். இரவு. தமிழ்நாட்டில் பகலில் சூரிய மின்சாரம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. காற்றாலைகளும் உண்டு, ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வலுப்பது பெரும்பாலும் வைகாசிக்குப் பிறகு. பங்குனி, சித்திரையின் இரவு பத்து மணிக்கு நம் படுக்கையறைக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி எரித்தது. ஒடிசாவில் வெட்டி, பாரதீப் துறைமுகத்தில் ஏற்றி, எண்ணூரில் இறக்கிய கரி. அல்லது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. கரியில் உள்ள வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி, நிலையத்திலேயே வீணாகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அது கோடையின் தேவை. அதில் பெரும்பகுதி வெக்கையின் தேவை.

அந்தக் கரியமில வாயு என்ன செய்கிறது என்பதற்கும் நம் மாடிக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. இரவில் கூரை தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பித்தான் ஆற வேண்டும். பூமியும் அப்படித்தான் ஆறுகிறது. கரியமில வாயுவும் நீராவியும் அந்தக் கதிரில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கீழே அனுப்புகின்றன. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ல்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2024-ல் உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதலாக இருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. சிறு வயதில் சாயங்காலம் ஆனால் அம்மா, “மாடியில ரெண்டு குடம் தண்ணி தெளிச்சுட்டு வாடா” என்பாள். தரை புஸ்ஸென்று ஆவி விட்டு அடங்கும். பாயை விரித்துப் படுத்தால் நடுச்சாமத்தில் போர்வை தேட வேண்டியிருக்கும். இன்றைக்கு அந்த மாடியில் நடுச்சாமத்திலும் கால் சுடுகிறது. கூரை சுடுவதால் ஏசி போடுகிறோம். ஏசிக்காகக் கரி எரிக்கிறோம். கரி எரிவதால் அடுத்த கோடையின் இரவு இன்னும் கொஞ்சம் ஆறாமல் கிடக்கிறது. இந்தச் சுற்றை எங்கே அறுப்பது எளிது என்று பார்த்தால், கூரைதான்.

கோடையின் தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் மாடியில் சுமார் 6 யூனிட் வெயில் விழுகிறது. ஆயிரம் சதுர அடிக்கு 550 யூனிட்டுக்கு மேல். மழையிலும் பாசியிலும் கறுத்த பழைய சிமென்ட் தரை இதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறிஞ்சிவிடும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு ஏறத்தாழ கால்வாசியைத்தான் உள்ளே விடும். மீதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பியடிக்கும் அதே வெள்ளை, அகச்சிவப்புக் கதிரை வெளியிடுவதில் கறுப்புத் தரைக்குச் சளைத்ததல்ல. பகலில் வெயிலை வாங்காது. இரவில் சூட்டைப் பிடித்துவைக்காது. பளபளக்கும் அலுமினியப் பூச்சுக்கு இந்த இரண்டாவது குணம் குறைவு. அதனால்தான் வெள்ளிப் பூச்சைவிட வெறும் வெள்ளை மேல் என்று சொல்கிறேன்.

எங்கள் மாடியில் பாதி அடித்து முடித்த அன்று மதியம் இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். சாம்பல் நிறப் பாதியில் நாலு எட்டு வைப்பதற்குள் பாதம் தாங்கவில்லை. வெள்ளைப் பாதியில் நின்று பேசிக்கொண்டிருக்க முடிந்தது. கண் கூசியது, கால் சுடவில்லை. நடுவில் தூரிகை விட்ட கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே வெயில், ஒரே கான்கிரீட். என் மனத்தில் இருந்த கடைசிச் சந்தேகமும் அந்தக் கோட்டில் தீர்ந்தது.

வேலை பெரிதல்ல. மாடியைப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். விரிசல் இருந்தால் முதலில் அடைக்க வேண்டும். சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, வடிகட்டி, வெள்ளைச் சிமென்டும் கொஞ்சம் பசையும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு கை அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் பிடிக்காமல் உதிரும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் வெளுப்பு மங்கும். மறுபடி அடிக்க வேண்டும். மழைநீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். செலவு செய்ய முடிந்தவர்களுக்குக் கடையில் ‘கூல் ரூஃப்’ பெயின்டுகள் இருக்கின்றன; நாள்பட நிற்கும். வெள்ளை ஓடு பதிப்பது இன்னும் நீடித்தது.

நம் முன்னோர்கள் இதைப் பெயின்ட் டப்பா இல்லாமலே சாதித்திருந்தார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியியல் புத்தகங்களில் பேர் வாங்கிய கூரை, தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவையும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தது. கான்கிரீட் வந்த பிறகும் வெகுகாலம் அதன் மேல் சுண்ணாம்பு-செங்கல் ஜல்லித் தளம் போடாமல் வீட்டை முடிக்க மாட்டார்கள். வெயிலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே அது ஒரு போர்வை. இப்போது பல வீடுகளில் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது அதன் மேல்தான். அங்கே மிச்சம் பிடித்த பணத்தை அந்த வீட்டில் இருப்பவர்கள் கரண்ட் பில்லில் ஆயுளுக்கும் கட்டுகிறார்கள்.

கான்கிரீட்டாவது சூட்டைச் சாயங்காலம் வரை தள்ளிப்போடும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்கும் தகரத்துக்கும் அந்தக் கனம்கூட இல்லை. வெயில் ஏறிய அரைமணியில் உள்ளே அனல். அதன் கீழே பகல் முழுக்க இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், கைக்குழந்தைகள், வயதானவர்கள். இவர்கள் எரிக்கும் மின்சாரம்தான் ஊரிலேயே குறைவு. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில், அந்த மாதம் வழக்கமாக நேரும் சாவுகளைவிட 1,344 சாவுகள் கூடுதலாக நிகழ்ந்தன. அந்த நகரம் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. சென்னை பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அரசு இதைச் செய்து பார்த்திருக்கிறது. பார்த்தது போதும். கட்டட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் கூரைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க வேண்டும். ஏழைகளின் தகரக் கூரைக்கு வெள்ளை அடிப்பதை உள்ளாட்சிகள் கோடை வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூரைக்கு அடுத்தது ஃபேன். மீட்டர் பெட்டியில் சிவப்பாகச் சிமிட்டும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3,200. ஒருநாள் இரவு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கடிகாரத்தோடு போய் நின்றேன். பழைய 75 வாட் ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விட்டால் 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல். அதே இடத்தில் மாட்டிய 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 37 விநாடிக்கு ஒன்று. காற்றில் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றரை டன் ஏசி 1,500 வாட் இழுக்கும்போது நிமிடத்துக்கு 80 சிமிட்டல். நாடித் துடிப்பைவிட வேகம். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு நின்று நின்று சிமிட்டினால், செட்-டாப் பாக்ஸ் தூங்காமல் இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பரிசோதனைக்குக் காசு செலவில்லை. பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பழைய ஃபேனின் மோட்டாரில், சுழலும் பாகத்துக்குக் காந்தசக்தி ஊட்டுவதற்கே ஒரு பங்கு மின்சாரம் செலவாகி, சூடாகப் போய்விடும். பிஎல்டிசி ஃபேனின் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் விட வேண்டும் என்பதை ஒரு சின்ன மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்கிறது. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் 120. தமிழ்நாட்டுக் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி ஒன்றுக்கும் சலுகை போய்விடும். அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கும் வீடுகளுக்கு இந்த 120 யூனிட் பெரிய தொகை.

ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதியவரும் நோயாளியும் இருக்கும் வீட்டில் அது உயிர் காக்கும் பொருள். சராசரி இந்தியரின் கரியமில வாயு ஆண்டுக்கு 2 டன் அளவில்தான். அமெரிக்கருக்கு அதைப் போல் ஏழு மடங்கு. வெக்கையைப் பொறுத்துக்கொள் என்று நமக்கு யாரும் உபதேசிக்க முடியாது. ஆனால் 2050-ல் இந்தியாவில் 100 கோடிக்கு மேல் ஏசிகள் இருக்கும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018-ல் கணித்தது. அவை எப்படிப்பட்ட கூரையின் கீழ் ஓடப்போகின்றன என்பது இன்று நம் கையில் இருக்கிறது. வெள்ளைக் கூரையின் கீழே 26 டிகிரியில் வைத்து, மெதுவாக ஒரு ஃபேனையும் ஓடவிட்டால் போதும். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் பணியகம். மேற்குச் சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரும்பிப் போகாது.

ஏசி மெக்கானிக் வந்து, “கேஸ் கம்மியாயிருக்கு சார், போட்டுரலாமா?” என்று கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள். அந்த வாயு தேய்ந்து தீர்வதில்லை, எங்கோ கசிந்திருக்கிறது. பல வீடுகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் 2 டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு ஓராண்டு முழுக்க வெளியேற்றுவதைவிட அது அதிகம். முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதானால் ஆர்-32 அல்லது ஆர்-290 என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

மற்றவை சிறு கணக்குகள். ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்கு ஏற்றும் 0.3 யூனிட்டில் பிஎல்டிசி ஃபேன் பத்து மணி நேரம் சுற்றும். சித்திரையில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? ஃப்ரிட்ஜின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மாடியில் சோலார் பலகை போட வசதி இருந்தால் போடுங்கள். மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். சுண்ணாம்புச் செலவைப் பாதிப் பாதி ஏற்றுக்கொள்ளலாம். கான்கிரீட் சூட்டில் விரியாமல் இருப்பது அவருக்கும் லாபம். பங்குனி பிறப்பதற்குள் மாடியைக் கழுவிக் காயப்போடுங்கள். இரண்டு கை வெள்ளை அடியுங்கள். அந்தக் கோடையின் ஒரு ராத்திரி பத்து மணிக்கு உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள். ஏசி வாங்குவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.